கனம் கம்மியான எஸ்எம்பிஎஸ்

எங்க வீட்டுல யாரும் யாரையும் சட்டுனு நம்ப மாட்டோம். ஆட்டோக்காரர் "நேர் ரோட்டை அடைச்சுட்டாங்க"ன்னு சொன்னா, எறங்கிப் போயி எட்டிப் பாத்துட்டுதான் திரும்ப ஏறுவோம். தர்பூசணிக்காரர் வெட்டிக் காட்டின துண்டு அந்தப் பழத்தோடதுதானான்னு பொருத்திப் பாத்த குடும்பம் இது. திருவண்ணாமலை தேரடித் தெருவுல எங்களுக்குப் பாத்திரக் கடை, தாத்தா காலத்துலேர்ந்து. பழைய பித்தளையைப் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கலாம்னு குடத்தைத் தூக்கிட்டு வருவாங்க. அதுல சில பேரு குடத்தோட அடியில அரக்கை ஊத்தி, மேல மண்ணைப் பூசி, கனம் ஏத்திக் கொண்டு வருவாங்க. அத்தா, அதான் எங்கப்பா, தராசுல வைக்கறதுக்கு முன்னாடியே கையில வாங்கி ஒரு தூக்குத் தூக்கிப் பாப்பாரு. அப்பறம் உள்ள எட்டிப் பாப்பாரு. "உள்ள இருக்கறதை எடுத்துட்டு வாங்கம்மா"ன்னு சாந்தமா சொல்லுவாரு. வந்தவங்க மூஞ்சி செத்துப் போயிடும். அந்தக் கடையில வளந்தவளுக்கு நம்பிக்கை எங்கேர்ந்து வரும்?

நான் மெட்ராஸ்ல ஒரு விளம்பரக் கம்பெனியில வீடியோ எடிட்டிங் பண்றேன். ரொம்ப வருஷமா ஹாஸ்டல் வாழ்க்கைதான். கல்யாணம் பண்ணிக்கலை. ஏன்னு கேக்கறவங்களுக்குன்னு ஒரு பதில் வெச்சிருக்கேன், அது இங்க வேணாம். அம்மா தவறினதுக்கு அப்பறம் வீட்டுல அத்தா ஒருத்தர்தான். போன வருஷம் கடையில உக்காந்திருக்கும்போதே அவருக்கு நெஞ்சு வலி வந்துடுச்சு. பக்கத்துக் கடைக்காரங்க தூக்கிட்டு ஓடினாங்க. ஆப்பரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சப்ப நான் கட்டில் பக்கத்துல இருந்தேன். அவரு என்னைப் பாத்துட்டு, "எப்ப கெளம்பற?"ன்னுதான் கேட்டாரு.

கம்பெனியில மேனேஜர் அம்மாகிட்ட கெஞ்சினேன். வீட்டுலேர்ந்தே வேலை பண்றேன், எங்க அத்தாவை விட்டுட்டு வர முடியாதுன்னு சொன்னேன். அவங்க நல்லவங்க, ஆனா கறார். "உன் லேப்டாப்பை வெச்சுக்கிட்டு இந்த வேலை ஆகாது. நம்ம ஆபீஸ் மெஷின் மாதிரி ஒண்ணு வீட்டுல போட்டுக்க. தீபாவளி விளம்பரம் வரைக்கும் பாக்கறேன். ஒழுங்கா வந்துச்சுன்னா நீ அங்கேயே இரு. மெஷின் கோளாறு, கரன்ட் இல்லன்னு சாக்கு சொன்னன்னா கெளம்பி வந்துடணும்"னு சொல்லிட்டாங்க. அதை அப்படியே அத்தாகிட்ட ஒப்பிச்சேன். அவரு மாத்திரையை வாயில போட்டுக்கிட்டு, "அப்ப மெஷினைப் பாத்து வாங்கு"ன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு.

ஆக, நான் ஊர்ல இருக்கறதும் கெளம்பறதும் ஒரு கம்ப்யூட்டர் கையில இருந்துச்சு. ரெடிமேடா வாங்கினா ஒண்ணுக்கு ரெண்டா வெலை சொல்றாங்க. பாகம் பாகமா வாங்கிச் சேத்துப் போடறதுதான் புத்தின்னு எல்லாரும் சொன்னாங்க. எல்லாரும் ஒண்ணு சொன்னா எனக்கு அதுலயும் ஒரு சந்தேகம் வரும். இருந்தாலும் வேற வழி இல்ல.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடை இருக்கு. நடத்தறவரு அடி அண்ணாமலைக்காரர், என்ஜினியரிங் படிச்சவரு, முப்பது வயசு இருக்கும். போன உடனே "வாங்கக்கா, உக்காருங்கக்கா, டீ சொல்லட்டாக்கா"ன்னாரு. ஒரு வாக்கியத்துக்கு மூணு அக்கா போட்டா நான் பையை இறுக்கிப் பிடிச்சுக்குவேன். என்னென்ன பாகம் போடலாம்னு மளமளன்னு சொன்னாரு. பிராசசர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, எல்லாத்தையும் உள்ள வைக்கற கேபினெட், எஸ்எம்பிஎஸ். எல்லாத்தையும் தானே வரவழைச்சுத் தர்றேன்னாரு. நான் தலையை ஆட்டிட்டு வெளிய வந்து, மெட்ராஸ் கடைக்கு நானே போன் போட்டேன். கேபினெட்டுக்கு அவங்க சொன்ன வெலை வேற, இவரு சொன்ன வெலை வேற.

மறுநாள் போயி நறுக்குனு கேட்டேன். மனுஷன் அசரவே இல்ல. "ஆமாங்கக்கா, கேபினெட்டுல கொஞ்சம் வெச்சேன். பெட்ரோல் யாரு போடறது, பார்சல் ஆபீஸ்ல யாரு நிக்கறது? மத்ததுல வைக்கலை"ன்னாரு. ஒரு இடத்துல வெச்சவன் மத்த இடத்துல வைக்க மாட்டானா? என் தலையில மொளகா அரைக்கப் பாக்கறாருன்னு எனக்குக் கோவம் மூக்கு மேல வந்துடுச்சு. "இனிமே எதை வாங்கறதுன்னு நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது தம்பி. நான் பாத்து நானே வாங்கிக்கறேன். நீங்க வந்து மாட்டிக் குடுங்க, கூலி வாங்கிக்கங்க, போயிடுங்க"ன்னு சொன்னேன். "சரிங்க மேடம்"னாரு. அக்கா அன்னியோட போச்சு.

அப்பறம் ஆரம்பிச்சுது என் வேட்டை. ஆன்லைன்ல வாங்கின ஒவ்வொரு டப்பாவையும் பிரிக்கும்போது போனை நிக்க வெச்சு வீடியோ எடுத்தேன். பிராசசர்னு வாங்கினவனுக்கு உள்ள சோப்புக் கட்டி வந்த கதையெல்லாம் நெட்டுல ஏகப்பட்டது கிடக்கு. அத்தா கட்டில்ல உக்காந்து, "இப்ப அந்தப் பக்கம் திருப்பிக் காட்டு, அந்த ஒட்டுன டேப்பைக் காட்டு"ன்னு வக்கீல் மாதிரி சொல்லிக் குடுத்தாரு. டாக்டர் ஓய்வா இருக்கச் சொல்லியிருந்தாரு. அவருக்கு இதுதான் ஓய்வா இருந்துச்சு. கிராபிக்ஸ் கார்டு வந்தப்ப நான் மோந்து பாத்தேன். எங்கேயோ ராப்பகலா ஓடித் தேஞ்சு போன கார்டைக் கழுவித் தொடச்சுப் புதுசுன்னு விக்கறாங்கன்னு படிச்சிருந்தேன். அத்தா கடையிலேர்ந்து பூதக்கண்ணாடியைக் கொண்டாந்து, ஸ்க்ரூ தலையில கீறல் இருக்கான்னு பாத்தாரு. கீறல் இல்ல. "இல்லங்கறதுதான் சந்தேகமா இருக்கு"ன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சோம்.

எனக்கு ரொம்ப பயம் எஸ்எம்பிஎஸ் மேலதான். செவுத்துலேர்ந்து வர்ற கரன்ட்டை வாங்கி, ஒவ்வொரு பாகத்துக்கும் எவ்ளோ வேணுமோ அளந்து பிரிச்சுக் குடுக்கற இரும்பு டப்பா அது. அது ஒழுங்கா இருந்தா யாரும் அதைப் பத்திப் பேச மாட்டாங்க. அது கெட்டா தானும் போயி, கூட இருக்கற எல்லாத்தையும் இழுத்துட்டுப் போவும். மத்த பாகத்தை எல்லாம் ஓட்டிப் பாத்து வேகம் எவ்ளோன்னு தெரிஞ்சுக்கலாம். இதுல மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரைத்தான் நம்பணும். ஸ்டிக்கர்ல எதை வேணா அடிக்கலாம், யாரு கேக்கப் போறாங்க? நம்ம ஊரு கரன்ட்டு வேற ஊரறிஞ்சது. நான் நாள் கணக்கா உக்காந்து வீடியோ வீடியோவாப் பாத்தேன். நல்லா இருக்குன்னு சொல்றவன் காசு வாங்கிட்டுச் சொல்றானோன்னு தோணும். மோசம்னு சொல்றவன் எதிர்க் கம்பெனி ஆளோன்னு தோணும். கடைசியில, ஆளுங்க டப்பாவையே தொறந்து உள்ள இருக்கறதை ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டின ஒரு மாடலைப் பிடிச்சேன். சின்ன சைஸு. பேர் பெத்த சாமான். வாங்கினதுலயே அதுக்குதான் நான் கொஞ்சம் நிம்மதியாப் பணம் கட்டினேன்.

அது வந்த அன்னிக்கு அத்தா அதைக் கையில வாங்கினாரு. வாங்கின உடனே மூஞ்சி சுருங்கிடுச்சு.

"என்னம்மா இது, காத்தாட்டம் இருக்கு?"

"இப்ப வர்றதெல்லாம் அப்படித்தான் அத்தா."

"அட்டைப் பெட்டியே இதை விடக் கனமா இருக்கும் போல. உனக்கு நல்லா அல்வா குடுத்துட்டாங்க."

"இது பாத்திரம் இல்ல அத்தா. எடையைப் பாத்து வாங்கற சாமான் இல்ல."

"கரன்ட்டைத் தாங்கற சாமானுக்குக் கனம் வேணாமா? செம்பு வேணாமா, இரும்பு வேணாமா?"

"வேணாம். கம்மியா இருந்தா போதும். எனக்குத் தெரியும், விடுங்க."

அவரு விட்டுட்டாரு. நான் அதைத் திரும்ப அதே அட்டைப் பெட்டியில வெச்சு மூடினேன். எல்லாப் பாகத்தையும் அத்தா ரூம் பீரோவுல அடுக்கினேன். எங்க வீட்டுல பூட்டு ஒழுங்கா இருக்கறது அந்த பீரோ ஒண்ணுதான். ராம் கொஞ்சம் லேட்டா வந்துச்சு. அதுக்கப்பறம் ஒரு ஞாயித்துக்கிழமை அந்த சர்வீஸ்காரரை வரச் சொன்னேன்.

வந்தாரு. "வணக்கம் மேடம்"னு சொல்லிட்டுத் தரையில பெட்ஷீட்டை விரிச்சு உக்காந்தாரு. நான் போனை ஸ்டாண்டுல மாட்டி வீடியோவை ஆன் பண்ணினேன். அவரு அதைப் பாத்துட்டு டூல்ஸை எடுத்து வெச்சாரு. நான் கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு அவரு கையையே பாத்துக்கிட்டிருந்தேன். முக்கியமா ராமை. விரல் நீளத்துக்குதான் இருக்கும் அது. பையில ஒண்ணைப் போட்டுட்டு வேற ஒண்ணை எடுத்து மாட்ட ஒரு நிமிஷம் ஆவாது. ராம் மேல இருந்த நம்பரை முன்னாடியே போட்டோ எடுத்து வெச்சிருந்தேன். அவரு மாட்டினதும் குனிஞ்சு ஒத்துப் பாத்துக்கிட்டேன். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் தொறந்து கையில எடுத்தவரு கொஞ்சம் தயங்கினாரு. என் கண்ணு இன்னும் அந்த ராம் நம்பர் மேலயே இருந்துச்சு.

"மேடம், இதுவா போடணும்?"

"வாங்கினதைத்தான் போடணும். வேற எதைப் போடுவீங்க?"

"இல்ல, இந்த மாடல் வந்து..."

"மாடல் பேச்சு வேணாம்னு அன்னிக்கே சொன்னேன்ல? நான் பாத்து வாங்கினது. போடுங்க."

அவரு போட்டாரு. இப்ப வர்ற கேபினெட்டுல எஸ்எம்பிஎஸ்ஸுக்குன்னு அடியில தனியா மூடி போட்ட அறை இருக்கு. உள்ள தள்ளிட்டா ஆளே தெரியாது. ஸ்விட்சைப் போட்டோம், மெஷின் ஓடுச்சு. அவரு கூலியை வாங்கிக்கிட்டு, டீ கூடக் குடிக்காம போயிட்டாரு. ரோஷக்காரர்னு நெனச்சுக்கிட்டேன். தப்பு பண்ணினவங்களுக்குதான் ரோஷம் ஜாஸ்தி வரும்னும் நெனச்சுக்கிட்டேன்.

அதுக்கப்பறம் வந்த நாளெல்லாம் என் வாழ்க்கையிலயே நல்ல நாளுங்க. காலையில அத்தாவுக்குக் கஞ்சி குடுத்துட்டு மெஷினை ஆன் பண்ணுவேன். அவரு கடைக்குப் போயி கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, வெயில் ஏறறதுக்குள்ள வந்துடுவாரு. வந்ததும் என் பின்னாடி நாற்காலியைப் போட்டுக்கிட்டு ஸ்கிரீனைப் பாப்பாரு. ஒரு பெரிய ஜவுளிக் கடைக்குத் தீபாவளி விளம்பரம் பண்ணிக்கிட்டிருந்தேன். "அந்தப் பொண்ணு கட்டியிருக்கறது பட்டு இல்ல, பாலியஸ்டர்"னு சொல்லுவாரு. "நீங்க பேசாம இருங்க அத்தா"ன்னு சொல்லுவேன். மெஷினைத் தொட்டுப் பாத்து, "சூடு இல்ல, நல்லாதான் ஓடுது"ன்னு அவரே சர்டிபிகேட் குடுத்துக்குவாரு. எனக்கு அப்பக்கூட ஒரு கண்ணு அந்த மெஷின் மேலதான் இருக்கும். ஃபேன் சத்தம் கொஞ்சம் மாறினாலும் குனிஞ்சு காதை வெச்சுக் கேப்பேன். ரெண்டு தடவை தானா நின்னு தானா ஆன் ஆச்சு. யூபிஎஸ் மேல சந்தேகப்பட்டு யூபிஎஸ்ஸை மாத்தினேன்.

விளம்பரத்தை ஒப்படைக்க வேண்டியது ஒரு பௌர்ணமிக்கு மறுநாள். பௌர்ணமின்னா எங்க ஊரு எங்களுக்கே சொந்தமில்ல. முந்தின நாளே பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திடுவாங்க. ஆட்டோ உள்ள வராது. தெருவுக்குத் தெரு சீரியல் லைட்டு, மைக் செட்டு, அன்னதானப் பந்தல்ல மாவு அரைக்க கிரைண்டரு, எல்லாத்துக்கும் அதே கரன்ட்டு. பௌர்ணமி அன்னிக்கு மத்தியானம் சாப்பிட்டு வந்து, எடிட் பண்ணினதை எல்லாம் ஒரே படமா சேக்கற கடைசி வேலையைக் குடுத்தேன். மெஷின் முழு மூச்சா வேலை பாக்கறது அப்பதான். லைட்டு மங்கறதும் ஏறறதுமா இருந்துச்சு. யூபிஎஸ் கத்திக்கிட்டே இருந்துச்சு. பாதிக்கு மேல ஓடியிருக்கும். அடியிலேர்ந்து டப்புனு ஒரு சத்தம். ஸ்கிரீன் இருண்டு போச்சு. எரிஞ்ச ரப்பர் வாடை ரூம் பூரா வந்துடுச்சு.

நான் பிளக்கைப் பிடுங்கினேன். ஷூட் பண்ணின படமெல்லாம் தனி டிஸ்க்குல இருந்துச்சு, ஆனா கடைசி நாளுங்க பண்ணின வேலை அந்த மெஷினுக்குள்ளதான். சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன். அவரு வீடு கிரிவலப் பாதையில. "வாசல்ல கால் வைக்க இடமில்ல மேடம், வண்டியை எடுக்கவே முடியாது. காலையில கூட்டம் கொறஞ்சதும் கடைக்கு வந்துடறேன், நீங்களும் வந்துடுங்க"ன்னாரு. வராம இருக்கறதுக்கு நல்லா ஒரு சாக்குன்னு நெனச்சேன். எங்க தெருவுலயே ஜனம் நகர முடியாம நிக்குது, அதைக் கண்ணால பாத்துக்கிட்டே அப்படி நெனச்சேன். மேனேஜர் அம்மாகிட்ட சொன்னேன். அவங்க திட்டலை. திட்டியிருந்தா தேவலை. "பழைய வெர்ஷனை வெச்சு இங்க யாரையாவது முடிக்கச் சொல்றேன். நீ திங்கக்கிழமை வந்துடும்மா. உன் மேல தப்பு இல்ல, ஆனா மேல நான் என்ன சொல்றது?"ன்னாங்க.

முடிஞ்சு போச்சு. அத்தா ரூம் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டிருந்தாரு. "திங்கக்கிழமையா?"ன்னாரு. ஆமான்னேன். அவரு போயி கட்டில்ல படுத்துக்கிட்டாரு. எனக்கு அழுகையை விடக் கோவம்தான் ஜாஸ்தியா வந்துச்சு. அந்த சர்வீஸ்காரனை விடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். என்கிட்ட பட்ட அவமானத்துக்கு எஸ்எம்பிஎஸ்ஸுல கை வெச்சுட்டான், இதை விட என்ன வேணும்?

மறுநாள் ஆட்டோ விட்ட உடனே கேபினெட்டை மடியில வெச்சுக்கிட்டுப் போனேன். கடையில நாலு பேரு இருந்தாங்க. இருக்கட்டும், கேக்கட்டும்னு சத்தமாவே கேட்டேன்.

"என் சாமானை எடுத்துட்டு எதை மாட்டினீங்க?"

அவரு கேபினெட்டைத் தொறந்தாரு. அடி அறையிலேர்ந்து எஸ்எம்பிஎஸ்ஸை உருவி டேபிள் மேல வெச்சாரு. நான் பேரே கேள்விப்படாத ஏதோ ஒரு ஸ்டிக்கர். நான் வாங்கினது கறுப்பு, இது சாம்பல் கலரு.

"பாத்தீங்களா, இது என்னோடது இல்ல. நீங்க மாத்திட்டீங்க"ன்னேன்.

"மேடம், அன்னிக்கு நீங்க வீடியோ எடுத்தீங்கல்ல? அது இருக்கா?"

இருந்துச்சு. நான் எதையும் அழிக்க மாட்டேன். அந்த நாலு பேரும் எட்டிப் பாக்க, என் போன்ல ஓட விட்டேன். அவரு கை அட்டைப் பெட்டியைத் தொறக்குது. நான் வாங்கின அதே அட்டைப் பெட்டி. உள்ளேர்ந்து வர்றது சாம்பல் கலரு டப்பா. அவரு என்னைத் திரும்பிப் பாத்துக் கேக்கறாரு. "வாங்கினதைத்தான் போடணும்"னு என் கொரல் கேக்குது. "மாடல் பேச்சு வேணாம்"னு கேக்குது. எவ்ளோ திமிரா இருக்கு அந்தக் கொரலு.

"பெட்டி மேல ஒரு பேரு, உள்ள வேற சாமான் இருந்துச்சு, நீங்க மனசு மாறி வேற வாங்கிட்டீங்கன்னு நெனச்சேன் மேடம். சொல்ல வந்தேன், நீங்க விடலை"ன்னாரு. அப்பறம், "கேபினெட்டுல காசு வெச்சவன்தான் நான், இல்லங்கலை. எஸ்எம்பிஎஸ்ஸுல வெளாட மாட்டேன். அது எரிஞ்சா எந்தக் கடையில மாட்டினதுன்னுதான் கேப்பாங்க"ன்னாரு.

எனக்கு சாரின்னு சொல்ல வாய் வரலை. "தொறங்க"ன்னு மட்டும் சொன்னேன். நாலு ஸ்க்ரூவைக் கழட்டி மூடியைத் தூக்கினாரு. உள்ள கருகின சின்ன போர்டு ஒண்ணு. நான் வீடியோவுல பாத்ததுல பாதி சாமான் கூட இல்ல. ஒரு ஓரமா, எதோடயும் சேராம, பசை வெச்சு ஒட்டின ஒரு இரும்புக் கட்டி. நல்ல தடிமன். அதுலேர்ந்து ஒரு ஒயர் கூட எங்கேயும் போகலை.

"இது எதுக்கு?"ன்னு அங்க நின்ன ஒருத்தரு கேட்டாரு.

"கனத்துக்கு. தூக்கிப் பாத்து வாங்கறவங்க இருக்காங்கல்ல, அவங்களுக்காக"ன்னாரு சர்வீஸ்காரர்.

அப்பதான் எனக்கு உறைச்சுது. எங்க வீட்டுல தூக்கிப் பாத்து வாங்கறவரு ஒருத்தர்தான். பீரோவும் அவரு ரூம்லதான். பித்தளைக் குடம்னா உள்ள எட்டிப் பாத்திருப்பாரு. ஸ்க்ரூ போட்டு மூடின டப்பாவுக்குள்ள எப்படி எட்டிப் பாக்கறது?

மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் டிஸ்க்கும் சேந்து போயிடுச்சுன்னு அவரு ஒவ்வொண்ணா சோதிச்சுப் பாத்து சொன்னாரு. என்கிட்ட திரும்ப வாங்கப் பணமும் இல்ல, நாளும் இல்ல. அந்த சாம்பல் டப்பாவை மூடித் தரச் சொன்னேன். ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு கடனாக் கேட்டேன். எதுக்குன்னு அவரு கேக்கலை. ரெண்டையும் துணிப் பையில போட்டுக்கிட்டு நடந்தே வந்தேன். அத்தா முன்னாடி உக்காந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவாக் கழட்டி, அந்த இரும்புக் கட்டியை அவரு கையில வெச்சு, "இப்ப சொல்லுங்க, யாருக்கு அல்வா குடுத்தாங்க?"ன்னு கேக்கணும். வழி பூரா அதையேதான் சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தேன். அவ்ளோ கோவம் எனக்கு. நான் யாரை யாரையோ சந்தேகப்பட்டுக் கத்திக்கிட்டிருக்கேன், வீட்டுக்குள்ளயே வேலை நடந்திருக்கு.

அத்தா கட்டில்ல உக்காந்திருந்தாரு. நெஞ்சுல கட்டுப் போட்டிருந்த இடத்தைத் தடவிக்கிட்டிருந்தாரு. ஆப்பரேஷன் ஆனதுலேர்ந்து அது ஒரு பழக்கமாயிடுச்சு.

"அத்தா, பீரோவுல இருந்த என் எஸ்எம்பிஎஸ்ஸை மாத்தினீங்களா?"

அவரு மூஞ்சியில ஒரு சிரிப்பு வந்துச்சு. மறைச்சு வெச்ச மிட்டாயைப் பிடிச்சுட்டாங்கன்னா வர்ற சிரிப்பு.

"கண்டுபிடிச்சுட்டியா? நம்ம தெரு முனையில எலக்ட்ரிக் கடை வெச்சிருக்காரே, அவருகிட்ட குடுத்து மாத்தினேன். ரெண்டையும் நம்ம கடைத் தராசுல வெச்சுப் பாத்தோம். உன்னோடதை விட இது நல்லா கனம் ஜாஸ்தி. உன்கிட்ட சொன்னா சண்டை போடுவே. அதான் உன் அட்டைப் பெட்டியிலயே வெச்சுட்டேன்."

"ஏன் அத்தா மாத்தினீங்க?"

"ஏம்மா, மெஷின் நின்னுச்சுன்னா நீ கெளம்பிடணும்னு நீதானே சொன்ன? அப்ப அது நிக்கக் கூடாதுல்ல? ஆஸ்பத்திரியில கண்ணைத் தொறக்கறேன், நீ பக்கத்துல இருக்க. இங்கயே இருந்துடும்மான்னு நான் எப்படிக் கேக்கறது? வயசுப் பொண்ணு, உனக்குன்னு ஒரு வேலை, ஒரு ஊரு. வாயைத் தொறந்து கேக்க முடியாது. சரி, மெஷினையாவது கெட்டியாப் போட்டு வெப்போம்னுதான். எனக்குத் தெரிஞ்சது கனம் பாக்கறது ஒண்ணுதான்."

நான் பையைத் தரையில வெச்சேன். உள்ள ஸ்க்ரூ டிரைவர் டப்பா மேல பட்டுச் சத்தம் கேட்டுச்சு. அவரு சிரிப்பு மெல்லக் கொறஞ்சுது. கை திரும்ப நெஞ்சுக்குப் போச்சு.

"ஏம்மா? கோளாறு அதுலயா?"

"இல்ல அத்தா. அது நல்லாதான் இருக்கு. மதர்போர்டு போயிடுச்சு, பௌர்ணமிக் கரன்ட்டுல. ஊர்ல நெறைய பேருக்குப் போயிருக்கு."

"அவன் தொறந்து பாத்தானா?"

"பாத்தாரு. இது மட்டும்தான் தப்பிச்சிருக்குன்னு சொன்னாரு."

அவரு என்னையே பாத்தாரு. தர்பூசணிக்காரரைப் பாக்கற மாதிரி, பழைய குடத்தைத் தூக்கிட்டு வர்றவங்களைப் பாக்கற மாதிரி. நான் கண்ணை எடுக்கலை. அப்பறம் பையிலேர்ந்து அந்த டப்பாவை எடுத்து, ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தூக்கிப் பாத்துட்டு, எழுந்து போயி பீரோவுல வெச்சுப் பூட்டினாரு.

திங்கக்கிழமை காலையில நான் மெட்ராஸ் பஸ் ஏறினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டம்மாகிட்ட சொல்லி வெச்சுட்டு வந்தேன். இப்பவும் அவரு தெனமும் போன் பண்றாரு. மாத்திரை போட்டாச்சான்னு நான் கேப்பேன், சாப்பிட்டியான்னு அவரு கேப்பாரு. போனை வெக்கறதுக்கு முன்னாடி, "கொஞ்சம் கொஞ்சமா சேத்து மத்ததை மட்டும் வாங்கிட்டு வந்துடும்மா, எஸ்எம்பிஎஸ் நம்மகிட்ட இருக்கு"ம்பாரு. நான் "சரி அத்தா"ம்பேன்.